பட்டினியும் மனமும்

உணவை மறுத்து மெலிவோரைப் பிடிவாதக்காரர் என்றும், உடல் பருத்தோரை வாய்க்கட்டுப்பாடு அற்றோர் என்றும் பழிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இப்பழி நியாயமானதுதானா?

1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மனமும் மாறியது. சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. உணவைப் பற்றிய நினைவே மேலோங்கிற்று. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தனர். பட்டினி முடிந்த பின்னரும் சிலர் வயிறு நிறைந்தும் உண்பதை நிறுத்த இயலாது தவித்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பட்டினியே மனத்தைப் பிணிக்க வல்லது. ஆகவே அனோரெக்சியா நோயில் எடையை மீட்பது சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும். அதுவும் மருத்துவக் கண்காணிப்புடனேயே நடைபெற வேண்டும். நெடும்பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக ஊட்டினால் குருதியில் பாஸ்பேட் குறைந்து உயிருக்கே கேடு நேரலாம். இளையோர்க்குப் பெற்றோரைத் துணைகொள்ளும் குடும்பச் சிகிச்சை பயனளிக்கிறது.

உடற்பருமனுக்கும் கடும்பட்டினி தீர்வன்று. கொழுப்பு குறையுங்கால், 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் இயக்குநீரும் குறைகிறது, பசி கூடுகிறது, இழந்த எடையை மீட்க உடல் முனைகிறது. எனவே உணவொழுங்கு, உடலுழைப்பு, உளவியல் ஆலோசனை, தேவைப்படின் மருந்து அல்லது அறுவை என நீண்டகாலப் பராமரிப்பே வேண்டும்.

ஏச்சு எந்நோயையும் தீர்ப்பதில்லை. உண்ண மறுக்கும் மகளையும், மறைவாக அளவின்றி உண்ணும் மகனையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடன்.