நெடுநடைப் பயணத்தில் நாய்

கோடை விடுமுறையிலோ கள ஆய்வின் பொருட்டோ இமயமலைச் சரிவுகளில் பல நாள் நடந்து செல்வோரில் சிலர், தாம் வளர்க்கும் நாயையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். மலையில் நாய் நடப்பது புதுமையன்று. உத்தராகண்டத்தின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஆட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் இடையர்களுடன் நாய்களும் நெடுங்காலமாகச் சென்று வருகின்றன. ஆனால் அவை அடர்ந்த ரோமமும் பருத்த உடலும் வாய்ந்தவை; குட்டிப் பருவம் முதல் அச்சரிவுகளிலேயே வளர்ந்தவை. அவற்றின் கழுத்தில் முட்கள் பொருத்திய இரும்புப் பட்டை இடப்படுவதுண்டு. சிறுத்தை நாயின் குரல்வளையைக் கவ்வுவதே இதற்குக் காரணம். நகரத்து வீட்டு நாயை இவற்றோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

நாய் தன் களைப்பை எளிதில் காட்டிக்கொள்வதில்லை; எஜமானன் நடக்கும்வரை தானும் நடக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில், நேபாளத்தில் ஒரு மலையேற்றக் குழுவைத் தானாகவே பின்தொடர்ந்த தெரு நாயொன்று 7,129 மீட்டர் உயரமுள்ள பருண்ட்சே சிகரத்தையே அடைந்துவிட்டது. இதைப் பலரும் வியந்து போற்றினர். அதன் பாதங்கள் புண்பட்டுக் குருதி கசிந்ததையும், இறங்கும்போது கயிற்றால் பிணைத்து உதவ நேர்ந்ததையும் அதே அளவில் நினைவிற் கொள்வது நலம்.

மலையில் குளிரே பெரிய இடர் என்று எண்ணுவோர் உளர். உண்மையில், பயணத்தின் தொடக்கத்தில் கடக்க வேண்டிய தாழ்ந்த பள்ளத்தாக்குகளின் வெப்பமே நாயை முதலில் வாட்டுகிறது. மனிதனைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிது வியர்வை சுரக்கும். நாவை நீட்டி விரைந்து மூச்சிரைப்பதன் மூலமாகவே அது உடலின் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேட் வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தட்டை முகமுள்ள பக் போன்ற நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகியதாதலால், அவற்றை இத்தகைய பயணத்திற்கு அழைத்துச் செல்லுதல் கூடவே கூடாது. நாய் தள்ளாடினாலோ, அடர்ந்த எச்சில் வடித்தாலோ, உடனே நிழலிற் கிடத்திக் குளிர்ந்த நீரால் உடலை நனைக்க வேண்டும்.

உணவுச் சுமையும் சிறிதன்று. 25 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு உலர் உணவு சுமார் அரைக் கிலோ தேவைப்படும். பத்து நாட்களுக்கு ஐந்து கிலோ.

காட்டு உயிர்களின் நலமும் இதில் அடங்கியுள்ளது. நாயின் வாசனையும் குரைப்பும் மான்களையும் தரையிற் கூடு கட்டும் பறவைகளையும் கலைத்துவிடும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் காட்டு விலங்குகளையும் பற்றக்கூடியது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்நோயால் மடிந்தது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்கள் பல இறந்தபோது இதே வைரஸ் கண்டறியப்பட்டது. எனவே டிஸ்டெம்பர், வெறிநோய் இரண்டிற்கும் தடுப்பூசி போடப்படாத நாயை மலைக்குக் கொண்டு செல்வதற்கு நியாயம் ஏதுமில்லை. தேசியப் பூங்காவின் வழியே பாதை செல்லுமாயின், நாயை வீட்டிலேயே விட்டுச் செல்வதே முறை.

மந்தைக் காவல் நாய்கள் அயல் நாயைக் கண்டால் கூட்டமாகப் பாயும். விலக்கச் செல்பவரும் கடிபட நேரலாம். கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவியபின், தாமதமின்றி வெறிநோய்த் தடுப்பூசி பெற வேண்டும். மருத்துவமனை இரண்டு நாள் நடைத் தொலைவில் இருக்குமிடத்தில் இது எத்துணைக் கடினம் என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர்.

நாயை உடன் கொண்டு செல்லாதவருக்கும் ஒரு கடமை உண்டு. மலைக் கிராமத்து நாய்கள் ஒரு துண்டு ரொட்டிக்காகப் பயணிகளைப் பல கிலோமீட்டர் தொடர்ந்து வந்து, கணவாய்க்கு அப்பால் திரும்ப வழியறியாது நின்றுவிடுவதுண்டு. அவற்றிற்கு உணவிடலாகாது. தொடர்ந்து வந்துவிட்டால், கீழே இறங்கிச் செல்லும் கிராமத்தார் எவரிடமேனும் கயிற்றோடு ஒப்படைத்து அனுப்பிவிட வேண்டும்.