கிரவல் வீதியில் சைக்கிள் பயணம்

1990களில் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டபோது நெல்மூடையையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோதும் அதையே நாடினோம். இடம்பெயர்ந்தோர் தம் பழைய வயலைப் பார்த்து வரவும் அதுவே துணை. ஆகவே காட்டோரக் கிரவல் வீதியில் கவனிக்க வேண்டிய சிலவற்றை இங்கு தருகிறோம்.

கிரவல் ஏன் சறுக்குகிறது? உருளும் சிறுகற்கள் ரயரைத் தரையில் பிடிக்க விடுவதில்லை. காற்று மட்டுமீறினால் ரயர் கற்களின்மேல் துள்ளும். குறைந்தால் ரியூப் ரிம்மில் நசிந்து ஓட்டையாகும். பாரம் ஏற்றுமுன் பின்சில்லுக்குக் கூடுதலாகவும் முன்சில்லுக்குச் சற்றுக் குறைவாகவும் காற்று அடியுங்கள். பாரத்தைத் தாழ்வாக, இருபுறமும் சமமாகக் கட்டுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். வளைவில் முன்பிரேக்கை இறுக்கினால் முன்சில்லு வழுக்கி ஆளை விழுத்திவிடும்.

மாரியில் வெள்ளம் மூடிய பள்ளத்தில் ஏறிச் செல்ல வேண்டாம். இறங்கித் தடியால் ஆழம் பாருங்கள்.

அதிகாலையிலும் மாலை மங்கலிலும் யானைகள் வீதியைக் கடக்கும். நல்ல வெளிச்சத்தில், கூட்டாகவே போங்கள்.

முக்கியமான ஒன்று. போர் 2009இல் முடிந்தாலும், புதைந்த வெடிபொருட்கள் யாவும் அகற்றப்பட்டுவிட்டன என்று நாம் எண்ணலாகாது. பலரும் போய்வரும் வீதியை விட்டுக் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள். மண்டையோட்டுச் சின்னத்தைக் கண்டால் அப்பால் போகாதீர்கள். இனந்தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அரை மணி நேரம் மிச்சமாகும் என்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா? வயல் காத்திருக்கும். அதை உழுவதற்கு நாம் இருக்க வேண்டும்.