இரு சூரியோதயங் கண்ட விமானப் பயணம்

இரு நகரங்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று ஒருவர் வினவினால் மைற்கணக்கிற் சொல்லிவிடலாம். பறந்து செல்ல எவ்வளவு நேரமாகும் என்று வினவினாலோ விடை அத்துணை இலகுவன்று. தூரம் மாறாதது, நேரம் விமானத்தின் வேகத்தையும் வழியில் வீசுங் காற்றையும் பொறுத்தது. நமது தென்கரையோடு தொடர்புடைய ஒரு பயணத்தைக் கொண்டே இதனை விளக்கலாம்.

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த விமானப் பாதை நடுவே அறுந்தது. எனவே, இந்து சமுத்திரத்தை நேரே கடந்து செல்ல ஒரு வழி காணவேண்டியதாயிற்று. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த் நகரின் சுவான் நதிக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனத்தார் சேவையொன்றைத் தொடங்கினர். நீரிலிருந்து எழுந்து நீரிலே இறங்கும் கற்றலீனா விமானங்களே இதற்குப் பயன்பட்டன.

தூரம் ஏறக்குறைய 3,500 மைல். விமானத்தின் வேகமோ மணிக்குச் சுமார் 125 மைல்தான். காற்றே இல்லையெனின் இருபத்தெட்டு மணித்தியாலம் பறக்கவேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணமாதலால் பிரயாணிகள் ஆகாயத்திலிருந்தவாறே இருமுறை சூரியோதயங் கண்டனர். சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது இதனாலேயே.

இனிக் காற்றைக் கவனிப்போம். மணிக்கு 20 மைல் வேகமுள்ள காற்று வழி முழுவதும் எதிர்த்து வீசுவதாகக் கொள்வோம். விமானம் மணிக்கு 105 மைலே முன்னேறும். பயணம் முப்பத்து மூன்று மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். அதே காற்றுப் பின்னின்று தள்ளினால் இருபத்து நான்கு மணித்தியாலத்திற் கரை காணலாம். வேறுபாடு ஒன்பது மணித்தியாலம்! மணிக்கு 550 மைல் செல்லும் இக்காலத்து ஜெற் விமானத்துக்கு இக்காற்றினால் உண்டாகும் வேறுபாடு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவே. மெதுவாகச் செல்பவனுக்கே காற்றுப் பெரும் பகை.

நேரம் நீளுந்தோறும் பெற்றோலும் கூடுதலாக வேண்டும். நடுக்கடலில் அதனை யாரிடம் பெறுவது? ஆகவே முழுப் பயணத்துக்கும் வேண்டிய பெற்றோலை நிரப்பிய பின் எஞ்சிய பாரத்துக்கு மூன்று பிரயாணிகளையும் 150 இறாத்தலளவு தபாலையுமே ஏற்ற முடிந்தது. பகைவர் அறிந்துவிடுவர் என்ற அச்சத்தால் வானொலித் தொடர்பையும் இயன்றவரை தவிர்த்தனர். மாலுமிகளைப் போல நட்சத்திரங்களை நோக்கியே வழி கண்டனர். மிக நீண்ட பயணத்துக்கு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் சென்றன.

1945 யூலை வரை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தும், ஒரு விமானமேனும் வழியில் இழக்கப்படவில்லை. அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற அவ்வைந்து விமானங்களும், இரவலின் நிபந்தனைப்படி, போர் முடிந்தபின் அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கடலில் அமிழ்த்தப்பட்டன.