பல் மருத்துவத்தில் இதய மின்வரைவு

இதய மின்வரைவு (இ.சி.ஜி.) என்பது இதயத் தசையில் ஏற்படும் மின்மாற்றங்களைத் தோலின்மீது பொருத்தப்படும் மின்முனைகள் வழியாகப் பதிவு செய்யும் சோதனை ஆகும். இம்முறையைக் கண்டறிந்ததற்காக நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். வரைவை முழுமையாக ஆராய்வது இதய மருத்துவரின் பணி. சிகிச்சையை இன்று தொடங்கலாமா, தள்ளிப்போட வேண்டுமா என்று முடிவு செய்யும் அளவுக்கு அதைப் படிக்கப் பல் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலைகள்

பி அலை இதய மேலறைகள் தூண்டப்படுவதையும், கியூ.ஆர்.எஸ். தொகுதி கீழறைகள் தூண்டப்படுவதையும், டி அலை கீழறைகள் பழைய மின்நிலைக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன. பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். தொடங்கும் வரையிலான இடைவெளி இயல்பாக 0.12 முதல் 0.20 நொடி வரை இருக்கும்.

துடிப்பைக் கணக்கிடுதல்

தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. நகரும். எனவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், அடுத்தடுத்த இரு ஆர் முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுக்க வேண்டும். 4 கட்டங்கள் எனில் நிமிடத்துக்கு 75 துடிப்புகள். சீரற்றதாக இருந்தால், 30 பெரிய கட்டங்களில் (6 நொடி) உள்ள ஆர் முனைகளை எண்ணி 10-ஆல் பெருக்கலாம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

பல் சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

- பி அலைகள் இன்றி, ஆர் முனைகள் ஒழுங்கற்று வந்தால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். இந்நோயாளிகளில் பலர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வர். பல் பிடுங்கும் முன் இதைக் கேட்டறிய வேண்டும். இதய மருத்துவரைக் கலக்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது.
- மரப்பு ஊசி மருந்தில் கலந்துள்ள அட்ரினலின் துடிப்பை விரைவுபடுத்தும். இதய நோயாளிகளுக்கு ஒரு வேளையில் 0.04 மி.கி. அளவைத் தாண்டாதிருப்பது வழக்கம். 1:80,000 செறிவில் இது 3.2 மி.லி. மருந்தில் உள்ள அளவாகும்.
- எஸ்.டி. பகுதி அடிக்கோட்டுக்கு மேல் உயர்ந்திருப்பது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். மாரடைப்பின் வலி கீழ்த்தாடையிலும் தோன்றும். பல்லில் காரணம் தென்படாத தாடை வலியுடன் வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வரைவு இயல்பாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

சிகிச்சையின்போது திரையில் கோடு திடீரெனக் குலைந்தால், முதலில் நோயாளியின் உணர்வையும் மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும். மின்முனை கழன்றாலும் கோடு அவ்வாறு மாறும். உணர்வும் நாடியும் இல்லையெனில் தாமதமின்றி இதய அழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும்.