பிட்டுக் குழலும் கணினித் திரையும்

சென்ற விடுமுறையில் ஒருநாட் காலை குறிகாட்டுவான் இறங்குதுறையிற் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றிருந்தோம். எம்முடன் வந்தவன் எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன். அத்தீவே அவனுடைய சொந்த ஊர். கடல் சற்றுக் கொந்தளிப்பாயிருந்தது. பயணிகள் தத்தம் பொதிகளைப் பற்றிக்கொண்டு கண்மூடியிருக்க, அவன் தனது மடிக்கணினியைப் பொலித்தீன் உறையிற் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான்.

“அதற்குள் அப்படி என்ன செல்வம் வைத்திருக்கிறாய்?” என்று வினவினோம்.

“வெண்பா இருக்குது, சேர்” என்றான்.

யாப்பிலக்கணத்திற் பையனுக்கு இத்துணை நாட்டமா என்று எமதுள்ளம் பூரித்தது. அந்தப் பூரிப்பு படகு கரைசேரும்வரைகூட நிலைக்கவில்லை. அவன் சொன்ன வெண்பா ஒரு வீடியோ விளையாட்டு!

வீடியோ விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் கூட்டத்தில் நாமும் ஒருவராகவே இருந்துவந்தோம். சுடுதலும் வெட்டுதலும் தவிர அவற்றில் வேறென்ன உண்டு என்பது எமது எண்ணம். ஆயின், அன்று நண்பகல் அம்மாணவனின் இல்லத்துத் திண்ணையில் நாம் கண்டது வேறு.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 இல் இவ்விளையாட்டை வெளியிட்டது. இதனைப் படைத்தவர், தமிழகத்திலிருந்து சிறுவயதிற் கனடாவிற் குடியேறிய அபி என்னும் இளைஞர். கதை 1988 இல் தொடங்குகிறது. வெண்பா என்னும் பெண்ணும் பாவலன் என்னும் அவள் கணவனும் கனடாவிற் புதிதாய்க் குடியேறியவர்கள். கற்ற கல்விக்கேற்ற தொழில் அங்கே எளிதிற் கிட்டவில்லை. ஊருக்கே திரும்பிவிடுவோமா என்று இருவரும் எண்ணும் வேளையில், வெண்பா தாய்மையுற்றிருப்பது தெரியவருகிறது. பிறக்கும் மகன் கவின். (பெயர்களைப் பாருங்கள்! தமிழ் கற்பிக்கும் எம்போன்றோர்கூடப் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயரிடுவது அருகிவிட்டது.)

இதில் விளையாட்டு எங்கே என்று கேட்பீர்கள். அது அடுக்களையில் நிகழ்கிறது. வெண்பாவின் தாயார் கொடுத்த சமையற் குறிப்பேடு பழுதடைந்து, பல இடங்களில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அழிந்த பகுதியை ஊகித்து உணவைச் சமைத்து முடிப்பதே ஆடுவோர் கடமை. இட்டலித் தட்டுகளை எம்முறையில் அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் சென்று சேரும்? பிட்டுக் குழலில் எதை முதலில் இடுவது, எதை அடுத்து இடுவது? தவறினால் தண்டனை ஏதுமில்லை, மீண்டும் முயலலாம். வானொலியில் வெவ்வேறு காலத்துத் திரையிசையின் சாயலிற் புதிதாய் இயற்றிய தமிழ்ப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருக்கும். கதை முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மாணவனின் அம்மம்மா, எண்பதைத் தாண்டியவர், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எமக்குப் பின்னால் நின்றார். பேரன் திரையிற் பிட்டு அவிக்க முற்பட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மோனை, துளைத்தட்டை வையாமல் மாவைப் போடுறாய்? எல்லாம் கீழை கொட்டுப்படப் போகுது!”

பேரன் திருத்திக்கொண்டான். பிட்டு வெந்தது. “எங்கட நீத்துப்பெட்டியைக் காணேல்லை” என்று அம்மம்மா ஒரு குறையும் சொன்னார். தமிழகத்துச் சமையலைச் சொல்லும் கதை அது. பனையோலையிற் பின்னிய எமது நீத்துப்பெட்டிக்கு அதில் இடமில்லாதது அபியின் குற்றமன்று என்று சமாதானம் கூறினோம்.

அடுத்து வந்த காட்சியில், தாய் தமிழிற் பேச, சிறுவன் கவின் ஆங்கிலத்தில் மறுமொழி கூறினான். பேரன் அதனை விளக்கிச் சொன்னான்.

“தாய்க்கேன் இங்கிலீசிலை பதில் சொல்லுறான்?” என்றார் கிழவி. எவரும் விடை பகரவில்லை. சிறிதுநேரம் சென்றபின் அவரே, “பெரியவளின்ரை பிள்ளையளும் உப்பிடித்தான். ரெலிபோனிலை ‘ஹலோ அம்மம்மா’ எண்டாப் பிறகு ஒண்டும் வராது” என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருடைய மூத்த மகளின் குடும்பம் ரொறன்ரோவில் வாழ்கிறது.

குடிபெயர்ந்தோர் கதைகளிற் பெரும்பாலானவை பிள்ளைகளின் கண்கொண்டு சொல்லப்பட்டவை. பெற்றோர் பக்கம் நின்று ஒரு கதை சொல்ல விரும்பியதாக அபி கூறியிருக்கிறார். அவ்விருப்பம் நெடுந்தீவுத் திண்ணைவரை வந்து தைத்ததை அவர் அறியமாட்டார். உலகம் வேறு வகையில் அவரை அறிந்துகொண்டது. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த சுயாதீன விளையாட்டு விழாவில் ‘வெண்பா’ தலையாய பரிசைப் பெற்றது; அடுத்த மாதமே பிரித்தானியாவின் ‘பாஃப்டா’ அமைப்பு, முதற்படைப்புக்குரிய விருதை அதற்கு வழங்கியது.

‘சுயாதீன’ என்ற சொல்லைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ஊழியரையும் பெரும் முதலையும் கொண்டு விளையாட்டுகளை ஆக்குகின்றன. அவற்றின் துணையின்றி, ஒருவராகவோ சிறு குழுவாகவோ நின்று ஆக்குவோரே சுயாதீனர். அமெரிக்கரான எரிக் பரோன், ‘ஸ்டார்டூ வலி’ என்னும் கமத்தொழில் விளையாட்டின் நிரல், ஓவியம், இசை, கதை அனைத்தையும் தனியொருவராய் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கினார். அக்காலத்திற் செலவுக்காக ஓர் அரங்கில் இருக்கை காட்டும் பணியும் பார்த்தார். 2016 இல் வெளிவந்த அவ்விளையாட்டு, 2024 முடிவுக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியது. இதைக் கேட்டு எந்த மாணவரும் நாளையே படிப்பைக் கைவிட வேண்டா! ஆண்டுதோறும் வெளிவரும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுட் பெரும்பாலானவை போட்ட காசைத் தேடித்தருவதில்லை.

எமது மாணவனும் ஒரு விளையாட்டை ஆக்கிக்கொண்டிருக்கிறான் என்பது அன்று மாலைதான் வெளிப்பட்டது. பவளக்கல் அடுக்கிய வேலிகள், கட்டாக் குதிரைகள், பெருக்கு மரம், இடிந்த ஒல்லாந்தர் கோட்டை ஆகியவற்றினூடே ஒரு சிறுமி தன் பாட்டியின் பொருள்களைத் தேடிச் செல்வதாகக் கதை. பொறிக்குப் பணம் செலவிடவில்லை. ஆர்ஜென்டீனர் இருவர் தொடங்கி, 2014 இல் எவரும் இலவசமாய்ப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட ‘கொடோ’ என்னும் மென்பொருளையே அவன் கையாள்கிறான்.

ஆயினும் முதற் பலகையிலேயே அவனுக்கு இடறல் நேர்ந்தது. பழைய பதிப்பொன்றில் ‘நெடுந்தீவு’ என்று எழுதினானாம். திரையில் முதலெழுத்தே உடைந்து வந்தது. காரணம் இதுதான். ‘நெ’ என்பதை எழுதும்போது நாம் கொம்பை முதலில் இட்டு நகரத்தைப் பின்னர் எழுதுகிறோம். கணினியோ நகரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் நினைவில் வைத்திருக்கிறது. வரையும்போது இடம் மாற்றி வரைய வேண்டும். அந்த நுட்பமறியாத மென்பொருளிற் கொம்பு நகரத்துக்கு வலப்புறம் போய் நிற்கும். ஆங்கிலத்துக்கு இத்தொல்லை இல்லையாதலால் நெடுங்காலம் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 2023 மார்ச்சில் வந்த கொடோவின் நான்காம் பதிப்பு இக்குறையைத் தீர்த்தது.

“அதுவரைக்கும் என்ன செய்தாய்?”

“ஊர்ப் பெயரைப் படமாக் கீறி ஒட்டினேன், சேர்.”

அவனை இலக்கண வகுப்பிற் பலமுறை கடிந்திருக்கிறோம். உயிர்மெய்யின் வடிவத்தை இத்துணை உன்னிப்பாய் ஆராய்ந்த மாணவன் வேறெவனும் எமது வகுப்பில் இருந்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாட் காலை புறப்படும்போது அம்மம்மா ஈரம் உலராத புதிய நீத்துப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பேரனிடம் நீட்டினார். இரவிரவாக இருந்து பின்னியிருக்கிறார்.

“இதைப் பாத்துக் கீறு. பின்னின ஓலை எந்தப் பக்கம் மடிபடுகுது எண்டு வடிவாப் பார். பெரியவளின்ரை பிள்ளையளுக்கும் விளங்க வேணும்” என்றார்.

திரும்பும் படகிற் கணினி எமது மடியில் இருந்தது. அவன் இரு கைகளாலும் நீத்துப்பெட்டியைப் பிடித்திருந்தான்.