விற்றுவிட்டு எப்போது திரும்புவது?

குத்தம்பாக்கம் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவரிடம், நடுவில் எத்தனை முறை விலை இறங்கியது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. மனைக்கு யாரும் தினமும் விலை சொல்வதில்லை. அதே மனிதர் பங்கு வாங்கினால் கைப்பேசியில் நொடிக்கு நொடி விலை ஓடுகிறது. சிவப்பைப் பார்த்ததும், “இப்ப வித்துடலாம், நல்லா இறங்கினதும் திரும்ப வாங்கிக்கலாம்” என்று மனம் சொல்கிறது.

விற்பது எளிது. திரும்ப எப்போது நுழைவது என்பதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள்.

2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. பயந்து விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது; அமெரிக்காவில் வங்கிகளே கவிழ்ந்துகொண்டிருந்த நேரம். 2009 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வரட்டும் என்று பலர் பணத்தைக் கையில் வைத்துக் காத்திருந்தார்கள். முடிவு வந்தது. மே 18, திங்கட்கிழமை சந்தை திறந்த சில விநாடிகளிலேயே உச்சவரம்பைத் தொட்டு வர்த்தகம் நின்றது. மீண்டும் திறந்தபோதும் அதே கதை. ஒரே நாளில் 2,110 புள்ளிகள், ஏறத்தாழ 17 சதவீதம். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே வர நேரமே கிடைக்கவில்லை. சரிவு முழுவதையும் தாங்கி உட்கார்ந்திருந்தவரோ 2010 நவம்பரில் பழைய 21,000-ஐ மறுபடி பார்த்தார்.

2020-இலும் இப்படித்தான். மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. இரண்டு நாளில் கொரோனா ஊரடங்கில் நாடே அடைபட்டது. ஊரடங்கு நீடித்த ஏப்ரல் 7 அன்று குறியீடு கிட்டத்தட்ட 9 சதவீதம் ஏறியது. பெரிய ஏற்றங்கள் பெரும்பாலும் பெரிய சரிவுகளை ஒட்டியே வருகின்றன. ஒன்றைத் தவிர்க்க ஓடுபவர் மற்றதையும் இழக்கிறார்.

இதற்கு மேல் வரி. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையான லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை முதல் இதுதான் விகிதம். குறுகிய காலக் கணிப்பின் உச்சமான எஃப் அண்ட் ஓ (முன்பேர ஒப்பந்த) வர்த்தகத்தைப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி ஆராய்ந்தபோது, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தது தெரிந்தது.

அப்படியானால் எதை வாங்கினாலும் பிடித்து வைத்தால் போதுமா? போதாது. இதை நம் சென்னை வட்டாரமே காட்டுகிறது. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயர் நிறுவனமாக வளர்ந்து, 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அம்பத்தூரில் ஆலை வைத்திருந்த டன்லப்பும் டயர் நிறுவனம்தான், அன்றைக்கு அதைவிடப் பெரிய பெயர். அது நலிந்து, 2013-இல் கலைக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பங்கைப் பொறுமையாக வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை எதையும் தரவில்லை. இரண்டில் எது நிலைக்கும் என்று 1960-களில் யாரால் சொல்லியிருக்க முடியும்? அதனால்தான் நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு ஒற்றைப் பங்கைவிட, நலிந்த நிறுவனத்தை விலக்கி வளரும் நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளும் குறியீட்டு ஃபண்டு பாதுகாப்பானது என்கிறேன்.

குறியீடும் சில சமயம் கொடுமையாகச் சோதிக்கும். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. முழுத் தொகையையும் அந்த உச்சத்தில் போட்டவருக்கு ஒரு தலைமுறைக் காத்திருப்பு. மாதாமாதம் சிறிது சிறிதாகப் போட்டவர் தாழ்ந்த விலைகளிலும் வாங்கியிருப்பார். எஸ்.ஐ.பி.யின் பயன் அங்கேதான். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் மகள் கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ வேண்டிய பணம் மட்டும் வங்கி வைப்பிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும்.