வானதிக்கு அமிலம் தந்த முகம்

புதுக்கோட்டை மாவட்டக் கொடும்பாளூரை மூவர் கோயிலால் அறிந்தவர்களைவிட அவ்வூர் இளவரசியாக நாவலில் வரும் வானதியால் அறிந்தவர்களே அதிகமிருப்பார்கள். 1950-ல் அந்த நாவலான ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடர்கதையாகத் தொடங்கியபோது படம் வரைந்தவர் மணியம். அக்காலத் தொடர்கதைப் படங்களில் நிழல் ஏன் கோடு கோடாகவே இருக்கிறது?

அச்சுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை பட்டால் கறுப்பு, படாவிட்டால் வெள்ளை. ஈய எழுத்துகளோடு சேர்ந்து அச்சாக, படமும் மேடாக நிற்க வேண்டும். அதற்குத்தான் துத்தநாக ‘பிளாக்’. ஓவியத்தின் நெகட்டிவ் வழியே, ஒளியுணர் பூச்சுள்ள தகட்டில் வெளிச்சம் பாய்ச்சுவார்கள். கோடுகள் கெட்டிப்படும், மற்ற பூச்சைக் கழுவி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெற்றிடம் பள்ளமாகும்.

வில்லங்கம் இங்கேதான். அமிலம் பக்கவாட்டிலும் அரிக்கும். விட்டால் கண்ணிமைக் கோடே அறுந்துவிடும். ஆகவே, கொஞ்சம் அரித்ததும் தகட்டை எடுத்து, கோட்டோரங்களில் பிசின்பொடி ஏற்றி, சூட்டில் உருக்கி, மறுபடி அமிலம். இப்படிப் பல சுற்று. (ஓவியருக்குப் பெயர் வந்தது, பிளாக் செய்தவரை யார் நினைத்தார்கள்?) பிறகு மரக்கட்டையில் அறைந்து, எழுத்தின் உயரமான சுமார் 23.3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள்.

வீட்டில் பழைய பைண்டிங் தொகுப்பு இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோட்டின் விளிம்பில் மை சற்றே தடித்திருக்கும்.